இடது பையின் தையல்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்பதற்குள் பயம் முந்திக்கொள்கிறது. நீ செய்து வைத்துவிட்டுப் போன வால்வு ஆம்ப்ளிஃபையரை அப்பா கையில் எடுத்திருக்கிறார். அதன் ஜோடிக் கண்ணாடி வால்வுகளில் ஒன்று அணைந்துபோனது. ஒரே ஒரு புது வால்வு வாங்கிப் போட்டார். எங்கிருந்தோ இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைத் தூக்கி வந்து மாட்டினார். பாட்டு வந்தது. ஐந்தே நிமிடத்தில் புது வால்வின் உள்தகடு பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரிச் சிவந்தது. நான்தான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

“ஞாயித்துக்கிழமை அடித்தகட்டைத் திறந்து பாக்கறேன். தையல் மெஷினையே அக்கக்காப் பிரிச்சுப் பூட்டறவன், இது என்ன பெரிய இது” என்கிறார்.

பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதைச் சொன்னால் “யார் சொன்னது?” என்பார். உன் பேரை எப்படி எடுப்பேன்? இடது கையைப் பைக்குள் விட்டபடி அவருக்குப் பதில் சொன்னாய் என்று உன் வேலைக்கோட்டின் பையையே தைத்து மூடினாரே, நீயும் அதை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினாயே, அதற்குப் பிறகு வீட்டில் உன் பேச்சே இல்லை. ஆனால் உன் நாற்காலியில் துணி போட மட்டும் விடமாட்டார்.

வழக்கம்போல் வீட்டுக்கு வேண்டாம், நூலகர் அக்கா பேருக்கே பதில் போடு. சனிக்கிழமைக்குள்!

உன் புழு

ஆகஸ்ட் 8, வியாழன்

புத்தகப் புழுவுக்கு,

முதலில் மூச்சு விடு. வால்வை ஒற்றையாக மாற்றக் கூடாது. இரண்டும் ஒரே அளவு மின்சாரம் இழுக்க வேண்டும். ஒரே சட்டைக்கு இரண்டு நீளத்தில் அப்பா கை வைப்பாரா? அளந்து பார்த்து எடுத்த ஜோடியை இத்துடன் அனுப்புகிறேன். ஸ்பீக்கரின் முதுகில் நாலு என்று போட்டிருந்தால், ஆம்ப்ளிஃபையரிலும் நாலு என்ற திருகில் கட்டு. எட்டில் கட்டாதே. ஸ்பீக்கர் இல்லாமல் சுவிட்சைப் போடவே கூடாது. எல்லாமே வெளியில் முடிகிற வேலை. அடித்தகட்டைத் திறக்கவே வேண்டாம்.

மீறித் திறந்துவிட்டால், இரண்டு கையும் உள்ளே போகக் கூடாது. ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் மின்சாரத்தின் வழியில் இதயம் இருக்கிறது. அதனால்தான் நாங்கள் இடது கையைப் பைக்குள் விட்டு வேலை செய்கிறோம். அப்பாவுக்குப் பதில் சொன்ன அன்றும் என் வலது கை ஆம்ப்ளிஃபையருக்குள்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

இந்தக் கடிதத்தை மறைக்காதே. அவரிடம் காட்டு.

அக்கா

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நூலகம் பூட்டியிருந்தது. இன்று காலை நூலகர் அக்கா வீட்டுக்கே ஓடிப் பொட்டலத்தை வாங்கி, வழியிலேயே படித்தேன். வீட்டில் ஆம்ப்ளிஃபையர் மேசைமேல் மல்லாந்து கிடந்தது. அப்பா இரண்டு கையையும் உள்ளே விடக் குனிந்திருந்தார்.

“அப்பா, கைய எடுங்க!”

“என்னடி இப்படிக் கத்தற? தெருவே திரும்பிப் பாக்குது.”

“அக்கா எழுதியிருக்கா.”

சொல்லிவிட்டேன். திட்டுவாரே என்றுகூடத் தோன்றவில்லை. கை வெளியே வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். வந்தது.

உன் கடிதத்தை நின்றபடியே படித்தார். ரோஷம் என்ற இடத்திலிருந்து மேலே போய் மறுபடியும் படித்தார். “அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டா வேலை செய்யறா?” என்றார்.

“தெரியலப்பா.”

“பையப் பிரிச்சாளா?”

“தெரியலப்பா.”

“ரெட்டைத் தையல்டி. நூலும் கெட்டி நூல்.” அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், வால்வு சிவந்தபோது வராத பயம் எனக்கு வந்தது. “எழுது. இப்பவே எழுது. பிரிச்சாளான்னு கேளு.”

வால்வுகள் பெட்டியிலேயே இருக்கின்றன. அப்பா எதையும் தொடவில்லை. வாசலுக்கும் மெஷினுக்குமாக நடக்கிறார். உடனே எழுது அக்கா.

உன் புழு

ஆகஸ்ட் 14, புதன்

புழுவுக்கு,

நன்றாக இருக்கிறேன். இருவரும் பயப்படாதீர்கள். வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்கிறேன். “ஹெட்மாஸ்டர் வந்துட்டாரு, எல்லாரும் எழுந்திருங்க” என்று நான் வேலை பார்க்கும் ரிப்பேர் கடையில் கிண்டல் செய்கிறார்கள். போன மாதம் ஒருமுறை மறந்துபோய் அந்தக் கை முன்னால் வந்தது. மின்சாரம் தூக்கி எறிந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தை விட்டுவிடு.

கத்தரிக்கோலை மூன்று முறை எடுத்தேன். பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோட்டோடு வருகிறேன். தைத்தவரே பிரிக்கட்டும்.

அக்கா