தலைவரிடம் கொடுத்த படிவங்கள்

அன்புத் தோழிக்கு,

பள்ளிக்கூடச் சுவரில் இன்று வரைவு வாக்காளர் பட்டியலை ஒட்டினார்கள். மைதாப் பசையின் புளித்த வாசனை. நாம் தேர்தல் பணிக்குப் போன ஊர்களில், வாக்குச்சாவடிக் கதவில் நீ பட்டியல் ஒட்டிய பிறகு கை கழுவியும் போகாத வாசனை. மூன்று முறை படித்தேன். எங்கள் தெருவில் ஒருவர் பெயரும் இல்லை. என் பெயரும் இல்லை.

குற்றம் என்னுடையது.

பட்டியலைத் திருத்துகிறார்கள், படிவத்தை நிரப்பி அரசு அலுவலரிடம் தர வேண்டும், தராதவர் பெயர் நீங்கிவிடும். தெருவில் பாதிப் பேர் ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் விடியுமுன் போய்விடுகிறவர்கள். எல்லாருக்கும் நானே நிரப்பினேன், நம் கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கிய கையெழுத்தில், ஒரு பிழை இல்லாமல். அப்போது ஊராட்சித் தலைவர் வந்தார். என்னிடம் படித்தவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றார். "டீச்சரம்மா, நீங்க இன்னாத்துக்கு அலையணும்? குடுங்க, நான் சேத்துடறேன்." போன முறை எங்கள் தெரு அவருக்கு வாக்களிக்கவில்லை என்பது தெரிந்தும், அந்த மரியாதையில் மயங்கி மொத்தக் கட்டையும் கொடுத்தேன்.

ஒரு படிவமும் வரவில்லை என்கிறார் அலுவலர். தலைவர் போனை எடுப்பதில்லை.

நினைவிருக்கிறதா, அந்நாளில் வாலாஜாபாத் பக்கம் ஒரு வாக்குச்சாவடி. நீ தலைமை அலுவலர். நான் விரலில் மை வைப்பவள். அந்த ஊர்த் தலைவர் வாக்களித்த பிறகும் உள்ளேயே நின்று, வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டேன். நீ அதை எடுத்து மூலையில் வைத்தாய்.

"ஓட்டுப் போட்டாச்சில்ல சார், கிளம்புங்க. ஊருக்குத்தான் நீங்க தலைவர், இந்த ரூமுக்கு இல்ல."

அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "உபசாரம் பண்ண இது உன் வீட்டுக் கல்யாணமாடி?" என்றாய். இரண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஷிப்ட் முடிந்து வந்து பட்டியலைப் பார்த்தாள். திட்டவில்லை. "உங்கள நம்பிக்கினு இருந்தோம் டீச்சர்" என்றாள். திட்டியிருக்கலாம்.

பெயர் சேர்க்க எங்கள் பள்ளிக்கூடத்தில் நடக்கும் முகாம் நாளை மாலை வரைதான். ஸ்ரீபெரும்புதூர் போய்ப் புதுப் படிவங்கள் வாங்கி வந்தேன். அவசரத்தில் எழுத்து கோணுகிறது. பாதிப் பேர் வேலையில் இருக்கிறார்கள். முடியாது என்றே தோன்றுகிறது. நீ இல்லாத இடம் இப்போதுதான் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

என் கணவர் இறந்த அன்றுகூட யார் தோளிலும் சாயாதவள், முதல் வீட்டு வாசலில் நின்று, "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அந்த வீட்டுக்காரர் பேனாவைப் பிடித்தபடி கையெழுத்துப் போடத் தயங்கினார். தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றார்.

"இதுல அவரக் கேக்க ஒண்ணுமில்ல. போடுங்க."

நீ சொல்லியிருந்தால் உடனே போட்டிருப்பார். நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. போட்டார்.

இன்னும் பதினாறு வீடு.