மூச்சடக்கத் தெரிந்தவள்

மார்ச் 4
எக்கோ பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இதய வால்வு ஒன்று கசிகிறது, எவ்வளவு என்று அதில் சரியாகத் தெரியவில்லையாம். எம்ஆர்ஐ எடுத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ரத்தம் முன்னால் போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்துவிடலாம். திரும்புவது அதிகமென்றால் ஆபரேஷன். இல்லையென்றால் வருடத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டினால் போதும்.

எனக்கா ஆபரேஷன்? நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். மே மாதம் என் பிள்ளைகளுக்குப் போட்டி இருக்கிறது. இதுக்கெல்லாம் நேரமில்லை.

மார்ச் 11
ஸ்கேன் முடிந்தது. மெஷினுக்குள் தடதடவென்று ஒரே சத்தம். ஸ்கேன் எடுத்த பெண் மைக்கில், "மூச்சை இழுங்க, வெளிய விடுங்க, அப்படியே பிடிங்க" என்றாள். முதலில் நல்ல பிள்ளையாகச் செய்தேன். திரும்பத் திரும்ப அதே பாட்டு. என்னிடமா மூச்சுப் பாடம்? ரத்த ஓட்டம் அளக்கிற கடைசிப் படங்களுக்கு, நெஞ்சு நிறைய இழுத்து, தொண்டையை இறுக்கிக் கெட்டியாக அடக்கினேன். "சூப்பர்மா, அசையவே இல்ல" என்றாள். பின்னே?

மார்ச் 13
ரிப்போர்ட் வந்துவிட்டது. கசிவு லேசானதுதான்! நான் அப்பவே சொன்னேனே.

மார்ச் 17
டாக்டரே போன் செய்தார். "முதல் படங்கள்ல இதயம் சுருங்கித் தள்ளுற ரத்தமும், கடைசிப் படங்கள்ல வால்வு வழியா வெளிய போற ரத்தமும் உங்களுக்கு ஒரே அளவா வரணும். வரலை. மூச்சை எப்படிப் பிடிச்சீங்க?"

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். அப்படி இறுக்கி அடக்கினால் இதயத்துக்கு ரத்தம் வருவதே குறைந்துவிடுமாம், அந்த அளவை நம்ப முடியாதாம். மறுபடி வரச் சொல்கிறார்.

எதுக்குப் போகணும்? கையில நல்ல ரிப்போர்ட் இருக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன் — இருக்கேனா?

வீட்டில் இவரிடம் கேட்டேன். "தப்பான டைமிங்க நம்பி ஒரு பிள்ளையப் போட்டிக்கு அனுப்புவியா நீ?" என்றார். சிரிக்கக்கூட இல்லை மனுஷன்.

மார்ச் 19
போனேன். ஸ்கேன் எடுக்கிற பெண் சொன்னபடி மட்டும் மூச்சு. வெளியே விட்டுவிட்டுப் பிடிப்பது — அடேயப்பா! பயமாக இருந்தது. எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 20
தள்ளுகிற ரத்தத்தில் கிட்டத்தட்ட பாதி திரும்பி வருகிறது. எக்கோவிலேயே இதயம் பெரிதாகத் தெரிந்ததாம், நீச்சலால் என்று நினைத்திருந்தார்களாம். இல்லை, கசிவால். "இன்னும் தள்ளிப்போட்டா அது களைச்சுப் போயிடும்" என்றார் டாக்டர்.

கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி உள்ளே போய், "சரி, எப்போ வெச்சுக்கலாம்?" என்று கேட்டேன்.

ஏப்ரல் 2
நாளைக்கு. நான் வரதுக்குள்ள யாராவது பயிற்சிக்கு மட்டம் போட்டா தோலை உரிச்சிடுவேன்னு பிள்ளைகளிடம் சொல்லியாச்சு.

ஏப்ரல் 16
உட்கார்ந்தால் வலி, சிரித்தால் அதைவிட வலி. இவரை ஜோக் அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 8
டாக்டர் சம்மதித்துவிட்டார், காலையில் தண்ணீரில் இறங்கினேன். மெதுவாகத்தான். ஆனால் இறங்கினேன்.

புது வால்வு உலோகம். கூர்ந்து கேட்டால் டிக் டிக்கென்று சத்தம் வரும். சாயங்காலம் இவர் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார், டீவியில் சத்தமே இல்லை.

"சத்தம் வைக்கலையா?" என்றேன்.

"வேணாம். உன் சத்தம் கேக்கட்டும்."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.