மணப்பெண் இடத்தில் உன் கையெழுத்து

என் அருமை அவசரக்குடுக்கை ஜெயாவுக்கு,

வந்துவிட்டதடி! காலையில் கூரியரில் வந்தது. என் கல்யாணச் சான்றிதழின் பின்பக்கம் மூன்று முத்திரைகள். முதலில் நம் மாநில அரசு, அப்புறம் டில்லி, கடைசியாகத் தூதரகம். பாப்பாவும் நானும் மஸ்கட் போகிறோம். மகளைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கும் என் வீட்டுக்காரர் போனில் அழுதேவிட்டார்.

நீ பண்ணிய வேலையால் இந்தப் பயணமே நின்றுபோகப் பார்த்தது, தெரியுமா? பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் அரை நாள் பர்மிஷன் வாங்கிக்கொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட வந்தாய். இரண்டு வீட்டிலும் யாரும் வராத கல்யாணம். யாராவது வந்து தடுத்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில், நான் பேனாவை எடுப்பதற்குள் நீ மணப்பெண் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாய். ரிஜிஸ்திரார் திட்டிக்கொண்டே அதை அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

மாநில முத்திரைக்குப் போனபோது விசா கெடுவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. சான்றிதழ் அந்த ரிஜிஸ்தர் புத்தகப் பக்கத்தின் நகல்தானே, அதில் சுருக்கொப்பம் மங்கிப்போயிருந்தது. கவுண்டரில் இருந்தவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"யாரும்மா இந்த ஜெயா? மதுமகள் ஜாகால, அதான் பொண்ணு இடத்துல, சைன் போட்டிருக்காங்க. கூட்டிட்டு வா, ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதிக் கொடுக்கட்டும்."

"அவ இல்ல சார். மஞ்சக்காமாலைல போய் ரெண்டு வருஷமாச்சு."

வாய்விட்டு அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சான்றிதழை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"பேஜார் ஆகாதம்மா, மனசைத் தேத்திக்கோ. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பழைய புக்கைப் பாத்து ஒரு லெட்டர் குடுக்கச் சொல்லு. அது போதும்."

ஓடினேன். புத்தகத்தைப் புரட்டினால் அந்தப் பக்கத்தில் நீ. கோடு கிழித்த பிறகும் உன் பெயர் பளிச்சென்று தெரிந்தது. என் கையெழுத்து அதன் கீழே ஒண்டிக்கொண்டிருந்தது. கையெழுத்தில் அவசரப்பட்டாய், சரி. போவதிலும் ஏனடி அத்தனை அவசரம்?

ரிஜிஸ்திராரின் சுருக்கொப்பம் அதில் தெளிவாக இருந்ததால் அன்றைக்கே கடிதம் கொடுத்துவிட்டார்கள். அதைக் காட்டியதும் முதல் முத்திரை விழுந்தது. மற்ற இரண்டும் தாமாகவே வந்தன.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவாம். வெள்ளிக்கு வெள்ளி அத்திபெலேயில் இருக்கும் உன் அம்மாவுக்குப் போன் பண்ணுவேன். நீ பேசுகிற மாதிரியே வளவளவென்று பேசுவேன், இது சத்தியம். பேசித்தானே ஆக வேண்டும்? என் கல்யாணத்தில் மணப்பெண்ணாக முதலில் கையெழுத்துப் போட்டவள் நீதான் என்று மூன்று பேர் முத்திரை குத்தி ஒத்துக்கொண்டுவிட்டார்களே.

இப்படிக்கு,
உன் சக்களத்தி
செல்வி