சூடம் அணைத்துக் கொடுத்த நிலம்

இன்று காலை கொட்டகலையில் பஸ் நின்றபோது பச்சை மரம் அறுக்கிற வாசனை உள்ளே வந்தது. உங்கள் நிலத்திலிருந்துதான் அக்கா. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

புருஷன் போன பிறகு அட்டன் பஜாரில் இட்லிக் கடை போட்டு, ஒற்றை ஆளாக நின்று வாங்கிய நிலம் அது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்த பிள்ளைகள் அஞ்சாம் வகுப்போடு கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறுவது உங்களுக்குப் பொறுக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் ஊரே பார்க்க, "இந்த நெலத்துல நம்ம புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம்" என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தீர்கள்.

அடுத்த வாரமே உங்களை எங்கள் வக்கீல், புரொக்டர் ஐயாவிடம் அழைத்துப் போனேன். அப்போதும் நான் அவருடைய கிளார்க்தான். ஐயா பொறுமையாகச் சொன்னார்: "குடுக்கணும்ங்கிற எண்ணம் தெளிவா இருக்கணும்மா. எந்த நெலம், யாருக்காக, எதுக்காகன்னும் தெளிவா இருக்கணும். அதெல்லாம் உங்ககிட்ட இருக்கு. ஆனா நெலம்னா வாய்ச்சொல் செல்லாது. பத்திரம் எழுதுற நொத்தாரிசு முன்னால, சாட்சி வச்சு, கையெழுத்துப் போடணும். வெள்ளைக்காரன் போயிட்டான், சட்டம் இன்னும் அவனோடதுதான்."

நீங்கள் பேனாவைத் தொடவே இல்லை. "ஆத்தா முன்னால சூடம் அணைச்சாச்சுங்க. அதுக்கு மேல கையெழுத்துப் போட்டா, என் சத்தியத்தை நானே நம்பலைன்னுல்ல ஆகும்?"

படியிறங்கும்போது உங்களோடு சண்டையே போட்டேன். "ஆத்தா கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுவாளாக்கா?"

"வரமாட்டா தம்பி. கேட்டவங்க நெஞ்சுல இருப்பா."

உங்கள் பிடிவாதம் இருக்கிறதே, அதை யாரால் அசைக்க முடியும்? அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டீர்கள். நிலம் உங்கள் தம்பிக்கு வந்தது. நீங்கள் சொன்னது பொய்யில்லை அக்கா. அந்த மனுஷன் அதில் கோவா, கத்தரி என்று ஒரு காய்கறிக் கன்றுகூட நடவில்லை. "அப்படியானால் நீங்களே பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று நடையாய் நடந்தேன். "என்னோடது இல்லாததை நான் எப்படிங்க எழுதிக் குடுப்பேன்? அது அக்கா புள்ளைங்களுக்குக் குடுத்த நெலம்" என்றார். அவரிடம் சட்டம் பேசிப் பேசி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். நாணயமான மனுஷரோடு வாதாடுவதைப் போல அலுப்பு வேறெதிலும் இல்லை.

போன வருஷம் அவருக்குப் பிரஜாவுரிமை இல்லையென்று ஆகி, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போக வேண்டி வந்தது. போகிற இடத்தில் குந்த ஒரு குடிசைகூடக் கிடையாது. நிலத்தை விற்றார். கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டு முறை கீழே வைத்துவிட்டு அழுதார். வாங்கியவர் வெளியூர்க்காரர். உங்கள் சத்தியத்தைக் காதால் கேட்காதவர். அவர் மேல் என்ன குற்றம் சொல்வது?

உங்களுக்குப் பிறகு என் மேசைக்கு வருகிற யாரையும், என்ன திட்டினாலும், கையெழுத்தில்லாமல் நான் எழுந்து போக விடுவதில்லை. உங்களால் வந்த பழக்கம் அது.

பஸ்ஸில் எனக்கு முன்னால் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி, மடியில் சின்ன மகளோடு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக மகளுக்குக் கைகாட்டினாள். "பாரு, இதான் கடைக்கார அக்கா நமக்குக் குடுத்த நெலம். மரமெல்லாம் வெட்டுறாங்க பாரு." பிறகு திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக என்னைக் கேட்டாள்: "நீங்க புரொக்டர் ஆபீஸ் ஐயாதானுங்களே? பள்ளிக்கூடம் எப்பங்க தொறப்பாங்க?"