போத்தலோடு தனியே

யூன் 17, செவ்வாய்

மழை. குரோருட் நிலையத்தில் ரயில் தாமதம். போன வாரம் அப்பாவுக்கு வேலையில் மாரடைப்பு. வெள்ளிக்கிழமை தகனம் முடிந்தது. இன்று நான் ஆய்வுகூடத்தில். சாவுத் துடக்கோடு போகலாமா என்று யாரோ ஒரு மாமி அம்மாவிடம் கேட்டாராம். கோடைப் பயிற்சி ஆறு கிழமைதான், துடக்கு கழியும்வரை காத்திருக்காது.

எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் போதை ஆராய்ச்சிக்கு வருவதில்லையாம். அகதியாய் வந்த பெற்றோர், பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆள், அந்த வகை. அதற்குத்தான் இந்தப் பயிற்சி. "விளம்பரப் படத்துக்கு எங்கள் முகம் வேண்டும்," என்கிறாள் எதிர்மேசை ஹோடன், சோமாலியப் பெண். நான் தமிழில் எழுதுவதில் அவளுக்குப் பொறாமை. இங்கே யாராலும் எட்டிப் பார்த்து வாசிக்க முடியாது.

வாங்க: பால், வாழையிலை, சாம்பிராணி.

காலையில் கதவில் அப்பாவின் திறப்பு திரும்பும் சத்தம். எழுந்து போனேன். யாருமில்லை. அம்மாவும் வந்து கூடத்தில் நின்றார். 

யூன் 18, புதன்

பயிற்சி: ஒருவரையொருவர் அளப்பது. விரலில் கம்பி, மூக்குக்குக் கீழே ஒரு மூடி விஸ்கி. குடியை விட்டவர்களுக்கும் மணம் பட்டதும் உள்ளங்கை வியர்க்குமாம், வாய் மட்டும் ஒன்றுமில்லை என்று சொல்லுமாம். ஹோடனுக்குத் திரையில் கோடு அசையவில்லை. எனக்கு ஏறிக்கொண்டே போனது.

மேற்பார்வையாளர் இங்வில் கேட்டார்: "குடிப்பாயா?"

"இல்லை. அப்பா."

கம்பியைக் கழற்றிவிட்டுச் சும்மா பக்கத்தில் இருந்தார். நல்ல மனுசி.

அந்த மணத்தில் அப்பா வந்து என் பின்னால் நின்றார். பழைய அப்பா, சின்ன வயதில் நான் பயந்தவர். கடைசி ஐந்து மாத அப்பா வரவில்லை. அதுதான் தாங்கவில்லை.

யூன் 19, வியாழன்

வெயில். சனிக்கிழமை எட்டுச் செலவுப் படையல். அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். ஆட்டிறைச்சி, நண்டு, புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு.

மோர்டென்ஸ்ருட்டிலிருந்து சித்தப்பா ஃபோன். "போத்தல் நான் கொண்டு வாறன். அண்ணைக்கு அதில்லாமல் என்ன படையல்?"

அப்பா தைப்பொங்கலோடு குடியை நிறுத்தியவர். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். கொண்டாட்டங்களில் விஸ்கிக் கிளாசில் அப்பிள் ஜூஸ் ஊற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பார், யாரும் பகிடி பண்ணக்கூடாது என்று. இரண்டு கையாலும் பிடிப்பார். சிரிப்பார்.

"சித்தப்பாட்டைச் சொல்லுங்கோம்மா."

"நிப்பாட்டினவர் எண்டு சொன்னா, என்னத்தை நிப்பாட்டினவர் எண்டு கேப்பினம்."

"எவ்வளவு கஷ்டப்பட்டவர்."

"செத்த மனுசனைக் குடிகாரனாக்காதை பிள்ளை."

கோபத்தில் வெங்காயம் எல்லாவற்றையும் உரித்துத் தள்ளினேன். ஒரு கல்யாணத்துக்குக் காணும்.

யூன் 20, வெள்ளி

திங்கட்கிழமை ஒவ்வொருவரும் ஏன் இந்தத் துறைக்கு வந்தோம் என்று பேச வேண்டுமாம். ஹோடன் எழுதி முடித்துவிட்டாள். எனக்கு ஒரு வரியும் வரவில்லை. வீட்டில் சொல்லக்கூடாததை மேடையில் எப்படிச் சொல்வது?

ரயிலில் முன்னால் இருந்தவரின் பிடரி, அப்பாவின் பிடரி. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

யூன் 21, சனி

வீடு முழுக்க ஆட்கள், இறைச்சி மணம். புகை அலாரம் கத்தாமல் சித்தப்பா அதைப் பொலித்தீன் பையால் கட்டினார். அறையில் அப்பாவின் படம், முன்னால் இலை. கடைசியாகக் கிளாஸ், ஐஸ்கட்டி, போத்தல். சித்தப்பா அழுதுகொண்டே ஊற்றினார். பாவம், அன்பில்தான்.

"சரி, எல்லாரும் வெளியாலை வாங்கோ. அண்ணை வந்து சாப்பிடட்டும்."

கதவைச் சாத்தினார். இறந்தவர் தனியே வந்து சாப்பிட வேண்டும், அதுதான் வழக்கம். எல்லோரும் கூடத்தில் தலைகுனிந்து. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே அப்பா, போத்தலோடு தனியே. இந்த ஐந்து மாதமும் நாங்கள் அவரை அப்படி விட்டதில்லை.

திறந்துகொண்டு போய் இலைக்குப் பக்கத்தில் இருந்தேன். அம்மா பின்னாலேயே வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு மற்றப் பக்கத்தில் இருந்தார்.

வெளியே சித்தப்பா: "உள்ளுக்கை ஆர்? வாங்கோ அண்ணி. ஆக்கள் இருந்தா அவர் வரமாட்டார்."

அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "தையோடை குடியை விட்டவர் தம்பி. போத்தல் இருந்தாத்தான் வரமாட்டார்."

  பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. சித்தப்பாவின் கை மட்டும் உள்ளே வந்தது. போத்தலைக் கொடுத்தேன். கை மறுபடி வந்தது, கிளாசுக்கு.