முதுகில் ஏறிய மாப்பிள்ளை

மார்ச் 3

இன்றைக்கு எங்கள் கட்டிடத்துக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கிறார். ஆள் இல்லை, உடம்பில் மாட்டிக்கொள்கிற கருவி. தோளில் பட்டை, இடுப்பில் பட்டை, தொடையில் பட்டை, முதுகை ஒட்டி இரண்டு ஸ்பிரிங். நாம் குனிந்தால் முதுகின் பாரத்தை அது தாங்கிக்கொள்ளுமாம். கட்டிட வேலைக்கு இது ஆகுமா என்று ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி சோதித்துப் பார்க்கப் போகிறாள். கம்பி கட்டுகிறவர்களில் ஆறு பேரைப் பொறுக்கினார்கள். என் நல்ல நேரம், நானும் ஒருவன்.

"முதுகு வலி இருக்கா அண்ணே?" என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். பக்கத்தில் மேஸ்திரி. "இல்லம்மா." ஆறு பேருக்கும் ஒரே பதில். எஃகு முதுகு எங்களுக்கு! போன வருடம் வலி என்று வாயைத் திறந்த கட்டையனை, "வீட்டுல போய் ரெஸ்ட் எடுப்பா" என்று அனுப்பினார்கள். இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

மார்ச் 4

விருந்தாளிக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தாயிற்று. வைத்தவன் என்னோடு ஜோடியாகக் கம்பி கட்டுகிற நெட்டையன். "உழைக்கிறது நாம, பேரு வாங்குறது அவரு. வேற என்னன்னு கூப்பிட?"

கழிப்பறைக்குப் போவதென்றாலும் மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்தி, எல்லாப் பட்டையையும் அவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அவசரம் அவருக்குப் புரிவதில்லை.

மார்ச் 6

நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் பட்டை மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. ஆராய்ச்சிப் பெண் ஓடி வந்தாள். விடுவிப்பாள் என்று பார்த்தால், முதலில் போட்டோ எடுத்தாள்.

மார்ச் 11

வியர்வை. அரிப்பு. மாப்பிள்ளை சௌக்கியம்.

மார்ச் 14

யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். இன்று காலை ஷூ நாடாவை நானே குனிந்து கட்டினேன்.

ஆறேழு மாதமாக என் மனைவிதான் கட்டிவிடுகிறாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு பாசம் என்று வேலையிடத்தில் அளந்துவிட்டிருக்கிறேன். இன்றைக்குச் சும்மா நின்று பார்த்தாள். "அப்ப எனக்கு வேலை போச்சா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். இனி மாப்பிள்ளையைக் கொஞ்சம் மரியாதையாகப் பேச வேண்டும்.

மார்ச் 20

சோதனை முடிந்தது. ஆராய்ச்சிப் பெண் முகம் வாடிச் சொன்னாள்: "யாருக்கும் பலன் தெரியல. முன்னாடியும் வலி இல்ல, இப்பவும் வலி இல்லன்றீங்க. திங்கக்கிழமை எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

பலே. இல்லாத வலி எப்படிக் குறையும்? எஃகு முதுகுக்காரர்களுக்கு எதற்கு ஸ்பிரிங்?

மறுபடியும் என் மனைவி காலடியில் உட்கார்ந்து நாடா கட்ட வேண்டுமா? ஐயோ, வேண்டாம். ஆனால் வாயைத் திறந்தால் கட்டையனுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு ரெஸ்ட். நான் என்னதான் செய்வது?

மார்ச் 23

சொல்லிவிட்டேன். மேஸ்திரி நிற்கும்போதே ஆராய்ச்சிப் பெண்ணிடம் சொன்னேன்.

"வலின்னு கேட்டா எவனும் சொல்ல மாட்டாம்மா. அது வீட்டுக்கு அனுப்புற வார்த்தை. பிடிப்பு இருக்கான்னு கேளுங்க. எனக்கு இருக்கு. ஷூ நாடா கட்ட விடாத பிடிப்பு. இதைப் போட்டப்புறம்தான் விட்டுச்சு."

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு... பிடிப்பு இருக்கா?"

"அது இல்லாம எப்படிம்மா?" என்றான் நெட்டையன், சாப்பாடு இல்லாமல் எப்படி என்கிற மாதிரி. அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். இடுப்பில், விலாவில், எழுந்தால், உட்கார்ந்தால். ஒரே சந்தைக்கடை. திருப்பி அனுப்புவதை நிறுத்தச் சொல்லி அங்கிருந்தே போன் போட்டாள். சோதனை முதலிலிருந்து நடக்குமாம்.

மேஸ்திரி மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சரி, நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மார்ச் 24

மேஸ்திரி தனியாகக் கூப்பிட்டார். சிமென்ட் மூட்டை அடுக்குக்குப் பின்னால்.

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார். இடுப்பு முழுக்க பிளாஸ்திரி.

"என் அளவுக்கு ஒரு மாப்பிள்ளை இருக்கான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளேன்" என்றார். "வலியெல்லாம் இல்லடா. சும்மா பிடிப்புதான்."