மெம்பர் உட்காரட்டும்

அன்னவாசல்,
8-1-1960

பினாங்கில் இருக்கும் அமராவதியின் அப்பா அவர்களுக்குச் செவந்தி வணங்கி எழுதுவது.

நானும் மகளும் சுகம். செவலை கன்று போட்டிருக்கிறது, கிடேரி. உங்கள் இருமல் நின்றதா என்று ஒரு வரி எழுதவில்லையே. கடைக்குள் வெறுந்தரையில் படுக்காதீர்கள்.

உங்கள் கடிதம் வந்தது. பழனிச்சாமி மூத்தவர் காலில் அமராவதி விழ வேண்டும், தை பிறந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் நடக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனிமேல் நிதானமாகப் படியுங்கள்.

மூத்தவர் உங்கள் பெரியப்பா மகன், பஞ்சாயத்துத் தலைவர். அவருக்கு என்ன, நினைத்தால் பினாங்குக்கு நாலு பக்கம் எழுதிப் போடுவார். நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கட்டுச்சோற்றோடு சித்தன்னவாசலுக்கு நடத்திக் கூட்டிப்போய் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். பக்கத்து மலைக்குப் போய் வருவதற்குப் பெயர் சுற்றுலா. இந்த வருஷம் ஆத்மநாதன் வாத்தியார் ஒற்றைக்காலில் நின்று மெட்ராசுக்கே ரயிலில் கூட்டிப்போனார். கடற்கரை எல்லாம் அப்புறம்தான். முதலில் கோட்டையில் சட்டசபை. மேலே பார்வையாளர் வரிசையில் பேசக்கூடாது, கைதட்டக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது என்று அங்கிருந்த சேவகர் சொன்னாராம். கீழே உறுப்பினர்கள் எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் பார்க்க வந்தவர்கள் உட்கார வேண்டும், அதுதான் சபை மரியாதை என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தாராம். கோட்டுப் போட்டவருக்கும் செருப்பில்லாதவருக்கும் அங்கே ஒரே மாதிரி ஆசனமாம். வந்த அன்றைக்குச் சோற்றைப் பிசைந்த கையோடு அமராவதி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியதும் வாத்தியார் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போய், அதே மரியாதையோடு இருந்து பார்த்துவிட்டு வர வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆறு பேர் கார்த்திகைக் கூட்டத்துக்குப் போனார்கள். மூத்தவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஜமுக்காளம் விரித்து, பானகம் கரைத்து வைக்கச் சொல்லியிருந்தார்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவர் வீட்டு முன்கொட்டகையில் மெம்பர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கிழக்குத் தெரு மதுரைவீரனும் ஓட்டு வாங்கி ஜெயித்த மெம்பர்தான். ஆனால் அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே வெயிலில் நிற்பார். கேட்டால் ஆமாம் என்பார். இரண்டு வருஷமாக இதே கதைதான். நம்மில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

மூத்தவர் பிள்ளைகளை உட்காரச் சொன்னார். ஆறு பேரும் நின்றார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்து மறுபடியும் சொன்னார். அப்போதுதான் உங்கள் மகள் சொன்னாள்:

"ஒரு மெம்பர் இன்னும் நிக்கிறாருங்க பெரியப்பா. அவரு உக்காந்ததும் நாங்க உக்காந்துக்கிறோம்."

சத்தியமாகக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மெட்ராசில் சொல்லிக் கொடுத்த மரியாதையை அவள் அப்படியே இங்கே செய்தாள். நம் ஊருக்கு அது ஆகாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லையே! மதுரைவீரன், எனக்குப் பழக்கம்தான், நீங்கள் உட்காருங்கள் தாயி என்று கெஞ்சினாராம். பெஞ்சில் இடம் இருந்தது. ஒருவரும் நகரவில்லை. ரோட்டு மராமத்து, தெரு விளக்கு என்று கூட்டம் முடியும் மட்டும் ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நின்றிருக்கிறார்கள். முடிந்ததும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பானகத்தை யாரும் தொடவில்லை.

சத்தம் போட்டிருந்தால் அதட்டி விரட்டியிருப்பார். மரியாதையாக நின்றவர்களை என்ன செய்வது? அந்த ஆத்திரம்தான் அவருக்கு.

மற்ற ஐந்து பிள்ளைகளையும் அப்பன்மார் கூட்டிப்போய்க் காலில் விழவைத்துவிட்டார்கள். மிச்சம் நம் வீடுதான். முறை வந்தும் நம் வயலுக்குக் கண்மாய்த் தண்ணீர் விடவில்லை. விடாவிட்டால் போகட்டும், கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சுகிறோம். அமராவதி காலையில் இறைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். வாத்தியார் வந்து, தப்பு என்னுடையது என்று நான் சொல்லிவிடுகிறேன், பிள்ளையை விட்டுவிடட்டும் என்றார். சும்மா இருங்கள் சார் என்று சொல்லிவிட்டேன். தப்பே இல்லாத இடத்தில் ஆளாளுக்கு அதைத் தூக்கிச் சுமப்பானேன்?

பங்குனியில் பரீட்சை, ஒரு நிமிஷம் விழுந்து எழுந்துவிட்டால் தீர்ந்துபோகுமே என்று நானும் அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"என்ன தப்புன்னு சொல்லும்மா, விழுறேன்" என்றாள்.

அது என்ன தப்பு என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

தைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவள் விழ வேண்டும் என்று மூத்தவர் ஆள் அனுப்பியிருக்கிறார். கட்டாயம் வருகிறோம் என்று சொல்லியனுப்பினேன். விழுவதற்காகப் போகவில்லை. மதுரைவீரன் உட்காருகிற வரைக்கும் அவளோடு நானும் நிற்பேன். அவர் தெருவுக்கு வம்பு வந்துவிடக்கூடாதே என்று அவரிடமும் போய்க் கேட்டேன். என்னை வாசலில் பார்த்ததுமே பதறினார். துண்டை எடுத்துத் திண்ணையைத் தட்டிவிட்டார். பிறகு, "நீங்க நிக்கிறப்ப நான் எப்புடித் தாயி நின்னுக்கிட்டே இருக்கிறது?" என்றார்.

இன்னும் ஒன்று உண்டு. உங்கள் கூட்டெழுத்து எனக்குப் பிடிபடாது என்று, கடிதத்தை எப்போதும் போல அமராவதிதான் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அந்தக் கழுதை, அந்தச் சனியன் என்று நீங்கள் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் படித்தாள். கடைசி வரைக்கும் அவள் பெயர் வரவில்லை. மடித்து என் கையில் கொடுத்துவிட்டு இறைக்கப் போய்விட்டாள்.

அவளுக்கென்று தனியாக ஒரு கடிதம் போடுங்கள். திட்டுவதானால் திட்டுங்கள். பெயர் எழுதித் திட்டுங்கள். நீங்கள் வைத்த பெயர்தானே அது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டவன் உங்களை நோய்நொடி இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சை இந்த ஒரு தடவை கேட்காத,
செவந்தி